தலைகீழாகத் திருப்பிய படம் பிரதிபலிப்பு ஆகாது

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். மதுரை வண்டியூர் மாரியம்மன் தெப்பக்குளத்தின் வறண்ட படம் ஒன்றை வைத்து, போட்டோஷாப்பில் ஐந்தே நிமிடத்தில் தண்ணீர் நிரப்புவது எப்படி என்று தங்கள் ஞாயிறு இணைப்பில் வந்த கட்டுரையைப் பற்றி எழுதுகிறோம். இளைஞர்களுக்குக் கைத்தொழிலாகும் விஷயங்களைச் சொல்லித்தரும் பகுதி அது, வரவேற்கிறோம். ஆனால் அதில் கொடுத்த நான்கு படிகளை (லேயர் எனும் பட அடுக்கை நகலெடு, ஃப்ளிப் வெர்ட்டிகல் கொடுத்துத் தலைகீழாக்கு, நெளிவு தரும் ரிப்பிள் ஃபில்டர் போடு, ஒப்பாசிட்டியை, அதாவது அடுக்கு எவ்வளவு அழுத்தமாகத் தெரிய வேண்டும் என்பதை, 50 சதவீதம் ஆக்கு) அப்படியே செய்தால், கைபேசித் திரையில் கட்டைவிரல் அளவில் பார்க்கும்போது மட்டும் தண்ணீர் போலத் தெரியும். காலண்டர் அளவுக்குப் பெரிதாக்கி அச்சடித்தால், குளக்கரையில் ஒரு மாலைப்பொழுது உட்கார்ந்திருந்தவர் எவரும் ஏதோ சரியில்லை என்று சொல்லிவிடுவார். சரியில்லாதது எது, திருத்துவது எப்படி என்பதைத் தொழில் செய்கிறவர்களின் பக்கத்திலிருந்து சொல்லவே இந்தக் கடிதம்.

முதல் தவறு நகலெடுப்பதிலேயே இருக்கிறது. தண்ணீரில் தெரிவது நாம் கரையிலிருந்து பார்க்கும் காட்சியின் தலைகீழ் நகல் அல்ல. கேமரா நீர்மட்டத்துக்கு எவ்வளவு மேலே இருக்கிறதோ, அதே அளவு கீழே இன்னொரு கேமராவை வைத்து மேல்நோக்கிப் பார்த்தால் தெரியும் காட்சியைத்தான் தண்ணீர் தலைகீழாகக் காட்டுகிறது. இரண்டும் வேறு வேறு இடத்திலிருந்து பார்த்த காட்சிகள். தொலைவில் உள்ள ஒரே ஒரு பொருள் என்றால் வித்தியாசம் தெரியாது. முன்னால் ஒன்றும் பின்னால் ஒன்றும் இருந்தால் உடனே காட்டிக்கொடுத்துவிடும்.

கணக்காகவே பார்ப்போம். 1645-ல் திருமலை நாயக்கர் வெட்டுவித்த இந்தக் குளம் ஏறத்தாழ 1000 அடி நீளமும் 950 அடி அகலமும் கொண்டது. கரையிலிருந்து, குளத்தின் நடுத்தீவில் உள்ள மைய மண்டபம் சுமார் 150 மீட்டர். கேமரா நீர்மட்டத்துக்கு 5 மீட்டர் மேலே, முழுச்சட்டகக் கேமரா, 24 மி.மீ. லென்ஸ், படம் 6000 பிக்ஸல் அகலம், கேமரா சாயாமல் நேராக இருக்கிறது என்று வைத்துக்கொள்வோம். இந்த லென்ஸுக்கு மாறிலி 4000 (6000-ஐ 36 மி.மீ. சென்ஸார் அகலத்தால் வகுத்து 24-ஆல் பெருக்கினால் வருவது). ஒரு பொருளின் அடி நீர்மட்டத்தைத் தொடும் இடம், கண்மட்டக் கோட்டுக்கு (கேமராவின் உயரத்தைக் குறித்துப் படத்தின் குறுக்கே ஓடும் கற்பனைக் கோடு) எத்தனை பிக்ஸல் கீழே வரும் என்பது 4000 × கேமரா உயரம் ÷ தூரம். மண்டபத்துக்கு அது 133 பிக்ஸல். 40 மீட்டரில் நிற்கும் தெப்பத்துக்கு 500 பிக்ஸல்.

கணக்குக்காகத் தெப்பத்தின் உயரம் 6 மீட்டர், மண்டபக் கோபுரத்தின் நுனி நீரிலிருந்து 20 மீட்டர் என்போம். படத்தில் தெப்பத்தின் உச்சி கண்மட்டக் கோட்டுக்கு 100 பிக்ஸல் மேலே வரும். கோபுர நுனி 400 பிக்ஸல் மேலே வரும். அதாவது தெப்பத்துக்குப் பின்னால் கோபுரம் 300 பிக்ஸல் எட்டிப் பார்க்கிறது. தண்ணீரிலோ, தெப்பத்தின் உச்சி கண்மட்டக் கோட்டுக்கு 1100 பிக்ஸல் கீழே போகும். கோபுர நுனி 667 பிக்ஸலிலேயே முடிந்துவிடும். எனவே தண்ணீரில் கோபுரம் தெரியவே தெரியாது; தெப்பமும் அதன் பிரதிபலிப்பும் சேர்ந்து முழுதாக மறைத்துவிடும். கட்டுரையில் சொன்னபடி முழுப் படத்தையும் தெப்பத்தின் அடியில் மடித்துத் திருப்பினால், கோபுர நுனி 1400 பிக்ஸலில் வந்து, தலைகீழ்த் தெப்பத்துக்கும் கீழே 300 பிக்ஸல் நீட்டிக்கொண்டு நிற்கும். இது இயற்கையில் நடக்காது. மண்டபத்தின் அடியில் மடித்தாலோ, தெப்பத்தின் நகல் அதன் காலோடு ஒட்டாமல் தனியே மிதக்கும்.

ஆகவே செய்முறை இதுதான். தெப்பம், மண்டபம், மண்டபத்தைச் சுற்றிய மரங்கள், எதிர்க்கரை, வானம் என்று ஒவ்வொன்றையும் தனித்தனி லேயராக வெட்டிக்கொள்ள வேண்டும். ஒவ்வொன்றையும் அதனதன் அடிக்கோட்டில் மடிக்க வேண்டும்: ட்ரான்ஸ்ஃபார்மில் நடுப்புள்ளியை அந்தக் கோட்டில் வைத்து ஃப்ளிப் வெர்ட்டிகல் கொடுங்கள். அருகில் இருப்பதன் பிரதிபலிப்பு மேல் லேயரில், தொலைவில் இருப்பதன் பிரதிபலிப்பு கீழ் லேயரில். மண்டபம் தீவின் நடுவில் இருப்பதால் அதன் அடி கண்ணுக்குத் தெரியாது. மேலே சொன்ன வாய்ப்பாட்டில் போட்டு இடத்தைக் குறித்துக்கொள்ளலாம். தீவின் விளிம்பு 120 மீட்டரில் இருந்தால் அதன் கோடு 167 பிக்ஸல், கோபுரத்துக்கு 133 பிக்ஸல். வித்தியாசம் 34 பிக்ஸல்தானே என்று இரண்டையும் ஒரே கோட்டில் மடித்தால், கோபுர நுனி அதைப்போல் இரு மடங்கு, ஏறத்தாழ 67 பிக்ஸல், இறங்கிவிடும்.

அடுத்து படிக்கட்டு. மேலிருந்து பார்க்கும்போது ஒவ்வொரு படியின் மிதிபரப்பும் வெயில் பட்டு வெள்ளைக்கோடாகத் தெரிகிறது. தண்ணீருக்குள்ளிருந்து பார்க்கும் கேமராவுக்கு மிதிபரப்பு தெரியாது. படியின் செங்குத்து முகம் மட்டுமே தெரியும். நகலெடுத்த படத்தில் அந்த வெள்ளைக்கோடுகள் அப்படியே தண்ணீருக்குள்ளும் வந்து நிற்பதுதான் பெரும்பாலான படங்களைக் காட்டிக்கொடுக்கும் அடையாளம். க்ளோன் ஸ்டாம்ப் (ஓரிடத்தை நகலெடுத்து இன்னோரிடத்தில் தடவும் கருவி) எடுத்து, பக்கத்துச் செங்குத்து முகத்தைக் கொண்டே கோடுகளை மூடிவிடுங்கள். மண்டபத்தில் இது எதிர்ப்பக்கமாக வேலை செய்யும்: தூண்களுக்கு மேலுள்ள விதானத்தின் அடிப்பகுதி, கரையிலிருந்து பார்ப்பதைவிடத் தண்ணீரில் கூடுதலாகத் தெரியும், அது நிழலில் இருப்பதால் கருமையாகவும் இருக்கும்.

இவ்வளவு தைத்துக்கொண்டிருக்க முடியாது என்பவர்களுக்கு, வறண்ட குளம் ஒரு வசதி செய்து தருகிறது. தண்ணீர் நிற்பதாகக் காட்டப்போகும் மட்டம் தரையிலிருந்து 3 மீட்டர் என்று முடிவு செய்துகொள்ளுங்கள். அந்த மட்டத்துக்கு 1.5 மீட்டர் மேலே கேமரா இருக்கும்படி படியில் நின்று ஒரு படம். பிறகு குளத்துக்குள் இறங்கி, தரையிலிருந்து 1.5 மீட்டர் உயரத்தில், அதாவது நின்ற நிலையில் கண்ணுயரத்தில், அதே லென்ஸில் இன்னொரு படம். இரண்டாவது கேமரா கற்பனை நீர்மட்டத்துக்குச் சரியாக 1.5 மீட்டர் கீழே இருக்கிறது. இந்தப் படத்தைத் தலைகீழாகத் திருப்பினால் கிடைப்பது ஒட்டுவேலை இல்லாத உண்மைப் பிரதிபலிப்பு. மிதிபரப்பு, விதானம் எல்லாம் தானாகச் சரியாகிவிடும். முதல் படத்தில் கேமரா 5 டிகிரி கீழே சாய்ந்திருந்தால், இரண்டாவதில் 5 டிகிரி மேலே சாய்க்க வேண்டும். படிகள் சரிவாக இறங்குவதால் இரண்டு இடமும் நேர்க்கோட்டில் அமையாது; சில மீட்டர் முன்னே போவீர்கள். 150 மீட்டர் தொலைவு மண்டபத்துக்கு அது சிறிய பிழை, படத்தின் அளவை ஓரிரு சதவீதம் கூட்டிக் குறைத்துச் சரி செய்யலாம். பக்கத்தில் உள்ள பொருளுக்குப் பொருந்தாது. இரண்டு படமும் பத்து நிமிட இடைவெளிக்குள் எடுக்கப்பட வேண்டும், நிழல் நகர்ந்துவிடும். இரண்டாவது படத்தில் நீர்மட்டத்துக்குக் கீழ் வரும் சுவர்ப்பகுதியை வெட்டி எறிந்துவிடுங்கள்.

நீர்மட்டம் எங்கே என்பதையும் கட்டுரை பேசவில்லை. கட்டிய குளத்தில் அது எளிது: படிகள் மட்டம் பார்த்துக் கட்டப்பட்டவை. கிழக்குக் கரையில் மேலிருந்து எட்டாவது படியில் தண்ணீர் நின்றால், படிவரிசை ஒத்த மற்ற கரைகளிலும் எட்டாவது படிதான். பக்கக் கரையில் இந்தக் கோடு சாய்வாக ஓடும். அதை நீட்டினால் கண்மட்டக் கோட்டில் போய் முட்ட வேண்டும். முட்டாவிட்டால் தண்ணீர் ஒரு பக்கமாகச் சரிந்து நிற்பது போல இருக்கும்.

இப்போது ஒப்பாசிட்டி. முழுப் பரப்புக்கும் 50 என்று ஒரே எண் கொடுப்பது பிரதிபலிப்பைக் கண்ணாடித்தாள் ஒட்டியது போல ஆக்கிவிடுகிறது. தண்ணீரை நேர் மேலிருந்து பார்த்தால் அது திருப்பி அனுப்பும் ஒளி வெறும் 2 சதவீதம். சாய்ந்து பார்க்கப் பார்க்க அது ஏறும். 5 மீட்டர் உயரத்திலிருந்து பார்ப்பவருக்கு 10 மீட்டர் தொலைவு நீரில் சுமார் 8 சதவீதம், 20 மீட்டரில் 23, 50 மீட்டரில் 54, 150 மீட்டரில் 80 சதவீதம். இந்த எண்களை அப்படியே மாஸ்க்கில் (லேயரின் எந்த இடம் எவ்வளவு தெரிய வேண்டும் என்பதைச் சாம்பல் நிறத்தால் குறிக்கும் மறைப்பு) போட்டால் காலடி நீர் இருண்டுபோகும். ஏனெனில் இவை ஒளியின் அளவுகள். கோப்பில் இருக்கும் 0 முதல் 255 வரையான எண்கள் ஒளிக்கு நேர் விகிதத்தில் இல்லை, இருண்ட நிறங்களுக்குக் கூடுதல் எண்களை ஒதுக்கும் காமா வளைவில் இருக்கின்றன. வளைவுக்கு மாற்றினால் கருநீரின் மேல் போடவேண்டிய ஒப்பாசிட்டி முறையே சுமார் 32, 52, 76, 90. நம் எடுத்துக்காட்டுப் படத்தில் இந்த நான்கு இடங்களும் கண்மட்டக் கோட்டுக்கு 2000, 1000, 400, 133 பிக்ஸல் கீழே வரும். லேயர் மாஸ்க்கில் அந்த நான்கு இடங்களில் நான்கு சாம்பல் நிறங்களை வைத்து, ஒன்றிலிருந்து மற்றொன்றுக்குப் படிப்படியாக மாறும் கிரேடியன்ட் இழுத்தால் போதும். அலை இருக்கும் நீரில் அலையின் முகங்கள் நம் பக்கம் சாய்வதால் தொலைவில் 90 வராது. கண்ணை நம்பிச் சற்றுக் குறையுங்கள்.

மாஸ்க்குக்கு அடியில் நீரின் சொந்த நிறம் ஒரு லேயராக இருக்க வேண்டும். வைகையிலிருந்து புதிதாக வந்த கலங்கல் நீர் என்றால் செம்மண் கலந்த பழுப்பு. பல மாதம் நின்ற குளத்துநீர் என்றால் பாசிப்பச்சை. கலங்கல் நீரில் ஒரு விசேஷம் உண்டு. வானம் போன்ற வெளிச்சமான பகுதிகள் பிரதிபலிப்பில் மங்கும். ஆனால் மரத்தின் கருமையான பகுதிகள் அசலைவிட வெளுக்கும், நீரிலுள்ள மண் தானே ஒளியைச் சிதறடிப்பதால். வெளிச்ச அளவைத் திருத்தும் லெவல்ஸில் அவுட்புட் கறுப்பை, அதாவது படத்தின் மிகக் கரிய நிறத்தின் எண்ணை, 25 முதல் 40 வரை ஏற்றினால் இது வந்துவிடும். நிழலும் அப்படித்தான்: தெளிந்த ஆழ்நீரின் பரப்பில் நிழல் விழாது, கலங்கல் நீரில் விழும்.

காலடியில் உள்ள நீர் காட்டுவது அடிவானத்தை அல்ல, தலைக்கு மேலுள்ள வானத்தை. கேமரா கீழ்நோக்கிச் சாய்ந்திருந்தால் அது படத்துக்குள்ளேயே இருக்காது. திருப்பிய வானத்தை இழுத்து நீட்டி நிரப்பாதீர்கள், மேகங்கள் பட்டை பட்டையாகிவிடும். மேலே போகப்போக ஆழ்ந்த நீலமாகும் கிரேடியன்ட் ஒன்றைப் போட்டுவிடுவது மேல்.

சிற்றலைக்கு ரிப்பிள் ஃபில்டர் உதவாது. அது படம் முழுக்க ஒரே அளவில் நெளிவு கொடுக்கும். உண்மையில் அலை தொலைவு போகப்போகச் சிறுக்க வேண்டும். இன்னொரு படத்தைப் பார்த்துப் பிக்ஸல்களை இடம் நகர்த்தும் டிஸ்ப்ளேஸ் ஃபில்டர்தான் சரி. அதற்கு ஒரு அலை வரைபடம் தயாரிக்க வேண்டும். நீர்ப்பரப்பைப்போல் இரு மடங்கு அகலத்தில் புதிய ஆர்ஜிபி கோப்பு திறந்து, ஆட் நாய்ஸ் 400 சதவீதம், காஸியன், மோனோக்ரோமாட்டிக். மேலே காஸியன் ப்ளர் 2 முதல் 4 பிக்ஸல். சேனல்ஸுக்கு (படத்தின் சிவப்பு, பச்சை, நீலப் பிரிவுகள்) போய் சிவப்பை மட்டும் தேர்ந்து எம்பாஸ்: கோணம் 180, உயரம் 1, அளவு 500. பச்சையைத் தேர்ந்து எம்பாஸ்: கோணம் 90, மற்றவை அதே. பிறகு மூன்று சேனல்களையும் திறந்து, பெர்ஸ்பெக்டிவ் ட்ரான்ஸ்ஃபார்மில் கீழ் மூலைகளை வெளியே இழுத்துவிட்டால் அருகலை பெரிதும் தொலையலை சிறிதும் ஆகும். நீர்ப்பரப்பின் அளவுக்கு க்ராப் செய்து, போட்டோஷாப்பின் சொந்த வகையான பிஎஸ்டி கோப்பாகச் சேமியுங்கள். போட்டோஷாப்பின் டிஸ்ப்ளேஸ் வேறு வகைக் கோப்பை எடுத்துக்கொள்ளாது. ஜேபெக்காகச் சேமித்துவிட்டு, திறக்கும் பெட்டியில் தேடித் தவிப்பவர்கள் உண்டு.

இந்த ஃபில்டர் வரைபடத்தின் முதல் சேனலைப் பார்த்துப் பக்கவாட்டிலும், இரண்டாவதைப் பார்த்து மேல்கீழாகவும் பிக்ஸல்களை நகர்த்துகிறது. மதிப்பு 128 என்றால் நகர்வு இல்லை. 0 ஒரு பக்கம், 255 எதிர்ப்பக்கம். ஸ்கேல் 100 என்றால் அதிகபட்ச நகர்வு 128 பிக்ஸல். ஆகவே பட அளவைச் சொல்லாமல் "30, 60 போடுங்கள்" என்று எழுதுவதில் பொருளே இல்லை: 60 என்பது கிட்டத்தட்ட 77 பிக்ஸல், 1200 பிக்ஸல் இணையப் படத்தைச் சிதைத்துவிடும், 6000 பிக்ஸல் படத்தில் மென்மையான அலையாக இருக்கும். காற்றடங்கிய குளத்துக்கு, 6000 பிக்ஸல் படத்தில் பக்கவாட்டு 5, மேல்கீழ் 20 என்று தொடங்கலாம். ஸ்ட்ரெச் டு ஃபிட், ரிப்பீட் எட்ஜ் பிக்ஸல்ஸ் இரண்டையும் தேர்ந்துகொள்ளுங்கள். ராப் அரவுண்ட் விட்டிருந்தால் மேல் விளிம்பின் வானம் கீழே சிதறித் தெறிக்கும்.

மேல்கீழ் நகர்வு ஏன் கூடுதல்? சாய்ந்து பார்க்கும் கண்ணுக்கு அலைகள் பிரதிபலிப்பை நம்மை நோக்கி நீளவாக்கில்தான் இழுக்கும். பக்கவாட்டில் கொஞ்சமே அசைக்கும். தெப்பத் திருவிழா இரவில் மின்விளக்குகள் தண்ணீரில் நம்மை நோக்கி நீண்ட கோடுகளாக இறங்குவது இதனால்தான். இணையத்தில் கிடைக்கும் பாதிச் செய்முறைகள் இதைத் தலைகீழாகச் செய்து, பக்கவாட்டில் நெளிய வைக்கின்றன. அது வெயில் காலத் தார்ச்சாலைக் கானல் போல இருக்குமே தவிரக் குளம் போல இருக்காது. விளக்குகளுக்கு மோஷன் ப்ளர் (ஒரே திசையில் இழுத்து மங்கலாக்கும் ஃபில்டர்) கோணம் 90 கொடுத்து, அதற்குப் பிறகு டிஸ்ப்ளேஸ் ஓட்டுங்கள். வரிசை மாறினால் அலை அழிந்துபோகும்.

வழக்கமாகப் பிசகும் இடங்கள் இரண்டு. ஃபில்டர் ஓட்டியதும் பிரதிபலிப்பு முழுதும் ஒரு பக்கமாக நகர்ந்துவிட்டதா? வரைபடத்தின் சராசரி 128-ல் இல்லை. ஹிஸ்டோகிராம் எனும் நிறப்பரவல் வரைபடத்தில் சிவப்பு, பச்சை இரண்டின் சராசரி மதிப்பையும் பார்த்து லெவல்ஸில் திருத்துங்கள். பொருளின் காலடியில் பிளவு தெரிகிறதா? அடிக்கோட்டருகே பிரதிபலிப்பு கிட்டத்தட்ட அசையக் கூடாது, நுனிக்குப் போகப்போகத்தான் உடைய வேண்டும். வரைபடத்தில் அடிக்கோட்டுப் பகுதியில் 128 சாம்பலை மெல்லத் தடவி அலையை அடக்குங்கள். தெப்பத்துக்கும் மண்டபத்துக்கும் அடிக்கோடு வேறு என்பதால் வரைபடத்தையும் இரண்டாகச் சேமிப்பது நல்லது.

போட்டோஷாப்புக்குப் பணம் கட்ட முடியாதவர்கள் கிம்ப் என்ற இலவச மென்பொருளில் இதே வேலையைச் செய்யலாம். ஃபில்டர்ஸ், மேப், டிஸ்ப்ளேஸ் என்று போனால், பக்கவாட்டுக்கும் மேல்கீழுக்கும் தனித்தனி வரைபட லேயரைக் காட்டலாம். நகர்வை நேரே பிக்ஸலில் கொடுக்கலாம். எங்கள் பார்வையில் இது போட்டோஷாப்பைவிடத் தெளிவான ஏற்பாடு. போட்டோஷாப்பில் 2023-ல் வந்த ஜெனரேட்டிவ் ஃபில் என்ற செயற்கை நுண்ணறிவு வசதி தண்ணீரைத் தானே வரைந்து தருகிறது. அதைப் பயன்படுத்துவோர் தூண்களை மேலே ஒருமுறை, தண்ணீரில் ஒருமுறை எண்ணிப் பார்க்கவும்.

கடைசியாக நீர்க்கோட்டின் விளிம்பு. கல் தண்ணீரைச் சந்திக்கும் இடத்தில் ஒரு ஈரப்பட்டை இருக்கும். ஈரக்கல் காய்ந்த கல்லைவிடக் கருமை. நீர்மட்டத்துக்கு மேலே ஒரு சாண் அளவுக்கு கர்வ்ஸில் இருட்டி, மேல் விளிம்பைச் சீரில்லாமல் விடுங்கள். குளத்துச் சுவரில் பழைய நீர்மட்டத்தின் கறை ஏற்கெனவே இருந்தால் அதை அழிக்க வேண்டாம். நீருக்கு அடியில் ஓரிரு படி மங்கலாகத் தெரிவதாகக் காட்டினால், மேலிருந்து பார்க்கும்போது ஆழம் முக்கால் பங்காகத் தோன்றும் என்பதை நினைவில் வைத்து அவற்றின் உயரத்தைக் குறையுங்கள்; சாய்ந்து பார்த்தால் இன்னும் குறையும்.

இன்னொன்று, தங்கள் செய்திப் பிரிவுக்கு. மேலே சொன்னவற்றை ஒழுங்காகச் செய்தால் படம் உண்மையா, செய்ததா என்று வாசகரால் சொல்ல முடியாது. இந்தக் குளம் நீரின்றிக் கிடந்து, தெப்பம் இழுக்க வழியில்லாமல் நிலைத்தெப்பமாக விழா நடந்த ஆண்டுகள் மதுரைக்காரர்களுக்கு மறக்கவில்லை. குளத்தில் தண்ணீர் இருக்கிறதா என்பது இங்கே அலங்கார விஷயம் அல்ல, செய்தி. ஆகவே செய்முறைக்காகத் தயாரித்த படங்களின் மேலேயே, அடிக்குறிப்பில் அல்லாமல் படத்துக்குள்ளேயே, 'கணினியில் நீர் சேர்க்கப்பட்டது' என்று பொறித்து வெளியிட வேண்டுகிறோம். அடிக்குறிப்பு படத்தோடு வாட்ஸப்பில் பயணம் செய்யாது.

அந்தப் பகுதியின் அடுத்த கட்டுரை மழைத்துளிகளைச் சேர்ப்பது பற்றி என்று அறிவித்திருக்கிறீர்கள். அதில் ஷட்டர் வேகத்தையும் குறிப்பிடச் சொல்லுங்கள். 2 மி.மீ. துளி நொடிக்கு ஏறத்தாழ 6.5 மீட்டர் வேகத்தில் விழுகிறது. 1/60 நொடியில் எடுத்த படத்தில் அதன் கோடு சுமார் 11 செ.மீ. நீளம், 1/1000 நொடியில் ஒரு செ.மீ. கூட இராது. மூலப்படம் எந்த வேகத்தில் எடுக்கப்பட்டது என்று தெரியாமல் மோஷன் ப்ளரின் அளவை முடிவு செய்ய முடியாது.

இப்படிக்கு,
ஒளிப்படத் திருத்தப் பணியில் உள்ள வாசகர்கள்,
மதுரை.